லூசியா பாப்: எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கறது?

சுதிப்பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். ஓபரா, சிம்ஃபனி எல்லாம் எனக்கு சுத்தமா புதுசு. வீட்ல கர்நாடக சங்கீதம் கேட்டு வளந்தவன், அதுக்கப்புறம் ராஜா சார், அவ்ளோதான் என் உலகம். கொஞ்ச நாள் முன்னாடி யூட்யூப்ல ஏதோ வயலின் கேட்டுட்டு இருந்தப்ப ஆட்டோப்ளேல தானா அடுத்தது ஓட ஆரம்பிச்சுது, ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா, அதுக்கு மேல ஒரு பொம்பளை குரல், ஜெர்மன்ல பாடுறாங்க, ஒரு வார்த்தை புரியல. ஆனா நிறுத்தத் தோணல. முடிஞ்சதும் பேரைப் பாத்தேன். பாடினது லூசியா பாப், பாட்டு ஸ்ட்ராஸோட ஃபோர் லாஸ்ட் சாங்ஸ், கண்டக்டர் டென்ஷ்டெட், 1982 ரெக்கார்டிங்.

சரி யாருன்னு தேடலாம்னு அவங்க பேரை ஒரு ம்யூசிக் ஆப்ல போட்டா முதல்ல வந்தது பூரா பாப் மியூசிக் ப்ளேலிஸ்ட். அதைத் தாண்டிப் போனா ஒரே பேர்ல நூத்துக்கணக்குல ட்ராக், மோசார்ட், மாஹ்லர், கார்மினா புரானா, இன்னும் வாயில நுழையாத பேரெல்லாம். அதுல ஒண்ணு மோசார்ட்டோட மேஜிக் ஃப்ளூட் ஓபராவுல வர்ற ராணி பாட்டு, அந்த கிறீச்சுனு உச்சத்துல போற பாட்டு, அதுவும் இவங்கதான்னு போட்டிருக்கு. எனக்கு நம்பிக்கை வரல. நான் கேட்ட குரல் அப்படி அமைதியா, நெதானமா இருந்துச்சு, இது வேற யாரோ ஒரு சின்னப் பொண்ணு கோவத்துல கத்துற மாதிரி இருக்கு.

என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, ரெண்டும் ஒரே ஆள்தானா? ரெண்டாவது, இவங்க 1993லயே இறந்துட்டாங்கன்னு போட்டிருக்கு, நேர்ல கேக்க வழியே இல்ல, ரெக்கார்டிங் மட்டும்தான். எதுல ஆரம்பிச்சா இவங்க யாருன்னு ஒழுங்கா பிடிபடும்? பாஷை தெரியாதவன், கதை தெரியாதவன்னு மனசுல வச்சு சொல்லுங்க. டாப் டென் லிஸ்ட் எல்லாம் வேணாம், அது கூகிள்லயே கிடைக்குது.

பழைய எல்பி:

தம்பி, ரெண்டும் ஒரே ஆள்தான். நடுவுல பதினெட்டு வருஷம் இருக்கு, அவ்ளோதான் விஷயம்.

இவங்க பொறந்தது 1939 நவம்பர்ல, ஸ்லோவாக்கியாவுல ஸாஹோர்ஸ்கா வெஸ்னு ஒரு சின்ன ஊரு. ப்ராட்டிஸ்லாவா அகாடமியில நடிப்பு படிக்கத்தான் போனாங்க, பாட்டுக்கு இல்ல. பாட ஆரம்பிச்சப்பவும் மெஸோ, அதாவது கொஞ்சம் கீழ் ஸ்தாயிக் குரல்னுதான் ட்ரெயினிங் ஆரம்பமாச்சு, போகப் போக மேல் ஸ்தாயி திறந்துகிட்டே போயி கடைசியில அவங்க முதல் மேடையே ப்ராட்டிஸ்லாவாவுல அந்த ராத்திரி ராணி வேஷம்தான். 1963ல கண்டக்டர் கராயன் வியன்னா ஸ்டேட் ஓபராவுக்குக் கூப்பிட்டுக்கிட்டாரு. அடுத்த வருஷமே லண்டன்ல க்ளெம்பரர் மேஜிக் ஃப்ளூட்டை ரெக்கார்ட் பண்றாரு, கிங்ஸ்வே ஹால்ல, ராணிக்கு இந்தப் பொண்ணு. அப்ப வயசு 24. நீங்க கேட்டது அதுவாத்தான் இருக்கும்.

அந்த ரெக்கார்டிங்ல யார் யார் இருக்காங்கன்னு பாத்தாலே தலை சுத்தும். பமீனாவா குண்டுலா யனோவிட்ஸ், டமீனோவா நிக்கோலாய் கெட்டா, பாப்பகேனோவா வால்ட்டர் பெரி. ராணிக்குத் தோழிகளா மூணு பேரு வருவாங்க, சின்ன ரோல், அதுல ஷ்வார்ஸ்கோஃப்பும் க்றிஸ்டா லுட்விக்கும். அந்தக் காலத்துல அவங்க ரெண்டு பேரும் எவ்ளோ பெரிய ஸ்டார்னா, அவங்க பக்கத்துல நின்னு ராணியா பாடணும்னா 24 வயசுப் பொண்ணுக்கு கை கால் உதறணும், ஆனா குரல்ல அந்தப் பயம் துளிகூட இல்ல. இதுக்கு நடுவுல அதுல வாசிச்ச ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பிச்ச வால்ட்டர் லெக், அவருதான் ஷ்வார்ஸ்கோஃப்போட புருஷன், ஃபில்ஹார்மோனியாவையே கலைக்கப் போறேன்னு அதே 1964 மார்ச்ல அறிவிச்சுட்டாரு. கலைஞ்சு போகப்போற ஆர்கெஸ்ட்ரா வாசிச்சதுன்னு கேக்கும்போது தெரியவே தெரியாது. அப்புறம் வித்வான்களே சேந்து நியூ ஃபில்ஹார்மோனியான்னு நடத்தினாங்க, அது வேற கதை.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். என்னைக் கேட்டா வருஷ வரிசையில கேக்காதீங்க, போரடிச்சுடும். ஒரே ஒரு ஓபராவை எடுத்துக்குங்க, மோசார்ட்டோட ஃபிகாரோ. இதுல மூணு பொம்பளை வேஷத்தை மட்டும் பாருங்க. பார்பரினான்னு தோட்டக்காரன் பொண்ணு, நாலாவது அங்கத்துல தொலைஞ்சு போன ஒரு குண்டூசியைத் தேடிக்கிட்டே ஒரு சின்னப் பாட்டு பாடும், ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. வியன்னாவுல பாப் நுழைஞ்சதே அந்த வேஷத்துலதான். அடுத்து சூசன்னா, வேலைக்காரி, கதையையே அவதான் ஓட்டுறா. மூணாவது கவுண்டெஸ், எஜமானி, புருஷன் மனசு மாறிப்போச்சேன்னு உள்ளுக்குள்ள அழுறவ. பாப் மூணையும் பாடியிருக்காங்க. சூசன்னாவை எண்பதுகளோட ஆரம்பத்துல ஷோல்ட்டியோட ரெக்கார்ட் பண்ணாங்க, அதுல கவுண்டெஸ் கிரி டெ கனாவா. 1985ல நெவில் மாரினர் கண்டக்ட் பண்ண ரெக்கார்டிங்ல இவங்களே கவுண்டெஸ்.

முதல்ல சூசன்னாவோட அந்தத் தோட்டத்துப் பாட்டு, தே வியேனின்னு ஆரம்பிக்கும், அதைக் கேளுங்க. ராத்திரி, இருட்டு, ஒளிஞ்சு நின்னு கேக்குற புருஷனை வெறுப்பேத்தணும்னு பாட ஆரம்பிக்குறா, பாடப் பாட நிஜமாவே அவன் மேல இருக்குற ஆசை வெளிய வந்துடுது. இந்த ரெண்டும் ஒரே நேரத்துல குரல்ல இருக்கணும். நிறைய பேரு அழகா பாடுவாங்க, குறும்பு இருக்காது, இல்லன்னா குறும்பு பண்ணுவாங்க, ஆசை இருக்காது. இவங்ககிட்ட ரெண்டும் இருக்கு. அது முடிச்சுட்டு அப்படியே மாரினர் ரெக்கார்டிங்ல கவுண்டெஸ் பாட்டு தோவே சோனோவைப் போடுங்க. அதே ஆளு, அதே ஓபரா, மேடைக்கு அந்தப் பக்கம் போயி நின்னுட்டாங்க. அந்த ஆள் யாருன்னு அப்ப பிடிபடும்.

ராணியை அவங்க சீக்கிரமே விட்டுட்டாங்கன்றதும் முக்கியம். 1967ல நியூயார்க் மெட் ஓபராவுல அறிமுகமானதும் அந்த ராணியாதான், ஓவியர் மார்க் ஷகால் செட் போட்ட ப்ரொடக்ஷன். உலகம் பூரா அந்த வேஷத்துக்கே கூப்பிடுவான், காசு நிச்சயம், கைதட்டல் நிச்சயம். அதை வேணாம்னு தள்ளிட்டு பமீனாவுக்குப் போனாங்க, அதாவது ராணியோட பொண்ணு வேஷத்துக்கு. 1981ல ஹைட்டிங்க் ரெக்கார்டிங்ல இவங்க பமீனா, ராணி எடிட்டா க்ருபரோவா. அவங்களும் ப்ராட்டிஸ்லாவாக்காரங்கதான். சாதாரணமா பொண்ணு வேஷம் போட்டவங்க வயசானா அம்மா வேஷத்துக்குப் போவாங்க, நம்ம சினிமாவுலயும் அதானே, இவங்க தலைகீழ்.

நைட்ஷிப்ட்:

ப்ரோ ஒரு டவுட். வாயேஜர் விண்கலத்துல தங்க ரெக்கார்ட் ஒண்ணு அனுப்பினாங்கல்ல, ஏலியன்களுக்கு, அதுல இந்த ராணி பாட்டு இருக்குன்னு கேள்விப்பட்டேன். அது இவங்க பாடினதா? செம மேட்டரா இருக்குமே.

ஆல்டோக்காரி:

இல்லீங்க, அது எட்டா மோஸர். ஸவாலிஷ் கண்டக்ட் பண்ண பவேரியன் ஸ்டேட் ஓபரா ரெக்கார்டிங். 1977ல போன அதே ரெக்கார்ட்ல நம்ம ஊர்லேர்ந்து கேசர்பாய் கேர்க்கர் பாடின பைரவியும் இருக்கு, ஏலியன் ரெண்டையும் ஒண்ணா கேட்டு என்ன நெனைக்குமோ. மோஸர் ராணி நிஜமாவே பயமா இருக்கும், கத்தி எடுத்துட்டு வர்ற ராணி. பாப் ராணி வேற. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா துல்லியமா விழும், கோவம் குளிர்ந்து போயிருக்கும். எனக்கு அதுதான் இன்னும் பயம்.

சுதிப்பெட்டி சார், நீங்க கர்நாடக சங்கீதம் கேட்டவர்ன்றதால உங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். நான் சர்ச் கொயர்ல ஆல்டோ, அதாவது பொம்பளைங்கள்ல கீழ் குரல் பாடுறேன், இதெல்லாம் எங்களுக்குக் கனவு ஏரியா. அந்த ரெண்டாவது ராணி பாட்டு, டெர் ஹெல்ல ராக, அதுல உச்சம் மேல் ஸ்தாயி எஃப். அஞ்சு கட்டையில பாடுற பாடகின்னு வச்சுக்குங்க, அவங்களுக்கு ஷட்ஜம் ஜி. அவங்க தார ஸ்தாயி பஞ்சமம் தொட்டாலே சபையில கைதட்டுவோம். அந்தப் பஞ்சமத்துலேர்ந்து இன்னும் ஒரு முழு ஸ்தாயி மேல போயி, அதுக்கும் மேல கொஞ்சம் ஏறினா அந்த எஃப். ஒரு தடவை இல்ல, அந்தப் பாட்டுல நாலு தடவை வரும். முதல் பாட்டுல ஒரே தடவை. மைக் கிடையாது, கீழ ஆர்கெஸ்ட்ரா வாசிச்சுட்டு இருக்கும், அதைத் தாண்டி கடைசி வரிசைக்குக் கேக்கணும். மோசார்ட் இதை சும்மா கற்பனையில எழுதல, அவரோட மச்சினி யோசெஃபா ஹோஃபருக்கு அப்படிக் குரல் இருந்துச்சு, 1791ல முதல் தடவை பாடினதும் அவங்கதான்.

ஆனா நான் பாப்பை ரசிக்கிறது அந்த உச்சத்துக்காக இல்ல. சோப்ரானோ, அதாவது பொம்பளைங்கள்ல உச்சக் குரல், மேல போகப் போக வார்த்தை கரைஞ்சுடும், இது யார் தப்பும் இல்ல, குரலோட இயற்பியல் அப்படி, ஒரு அளவுக்கு மேல ஆ, ஈ, ஊ எல்லாம் காதுக்கு ஒண்ணாத்தான் கேக்கும், வாயைத் திறந்தாதான் சத்தம் வரும். அதனால நிறைய பேரு வார்த்தையை விட்டுட்டு சத்தத்தைக் காப்பாத்துவாங்க. பாப் எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம் வார்த்தையை விடமாட்டாங்க. நடிப்பு படிக்கப் போனவங்கன்னு எல்பி அண்ணா சொன்னாரே, அது இங்கதான் தெரியுது.

அதனால என் சிபாரிசு வேற. செக் இசையமைப்பாளர் யானாச்செக்கோட கன்னிங் லிட்டில் விக்ஸன் ஓபரா கேளுங்க. சார்ல்ஸ் மாக்கரஸ், வியன்னா ஃபில்ஹார்மோனிக், டெக்கா, 1981. பாப் அதுல பெண் நரி. ஆமா நரிதான். காட்டுல ஒரு வனக்காவலர் குட்டி நரியைப் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போறாரு, அது வளந்து கோழியை எல்லாம் புரட்சி பண்ணச் சொல்லி லெக்சர் குடுத்துட்டு, கடைசியில எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுட்டு காட்டுக்கே ஓடிடும். அங்க ஒரு ஆண் நரியைப் பாத்து வெக்கப்படும், கல்யாணம் ஆகும், குட்டி போடும், ஒரு வேட்டைக்காரன் சுட்டுடுவான். செத்துப்போறது ஒரு செகண்டுல நடந்துடும், பெரிய சோகப்பாட்டு எல்லாம் கிடையாது. ஓபராவுல சாகப்போறவங்க கால் மணி நேரம் பாடிட்டுத்தானே சாவாங்க, இதுல அது இல்ல. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. யானாச்செக் பேச்சு எப்படி ஏறி இறங்குதோ அதையே மெட்டா எழுதினவரு, தெருவுல ஜனங்க பேசறதைக் கேட்டு நோட்டுல ஸ்வரம் எழுதி வச்சுக்குவாராம். பாடுறது செக் பாஷையில, பாப்புக்குத் தாய்மொழி ஸ்லோவாக், ரெண்டும் அக்கா தங்கச்சி. ஜெர்மன்ல அவங்க நல்லா பாடுவாங்க, இதுல பேசுறாங்க. மேல் ஸ்தாயி சிரிப்பு, நக்கல், கொஞ்சல் எல்லாம் குரல்ல வந்து வந்து போகும்.

சுதிப்பெட்டி:

அஞ்சு கட்டை கணக்கு சொன்னதுக்கு ரொம்ப நன்றி மேடம், இப்பதான் அந்த உசரம் உறைக்குது. எல்பி சார் சொன்ன தே வியேனி கேட்டேன். பாட்டு அவ்ளோ வேகமும் இல்ல, பெரிய சங்கதியும் இல்ல, ஆனா முடியுற எடத்துல ஒரு வரியை நீட்டி மேல கொண்டு போயி விடுறாங்க பாருங்க, அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். கவுண்டெஸ் இன்னும் கேக்கல. ஃபோர் லாஸ்ட் சாங்ஸ் பத்தி யாரும் எதுவும் சொல்லலயே? நான் அதுல விழுந்துதானே இங்க வந்தேன். அந்தப் பாட்டுல என்னதான் சொல்றாங்க?

கசப்புக்காபி:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. திட்டாதீங்க.

பாட்டு என்னன்னு முதல்ல. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 84 வயசுல, 1948ல எழுதினது. போர் முடிஞ்சு ஜெர்மனி தரைமட்டம், அவரு பாடுபட்ட ஓபரா ஹவுஸ் எல்லாம் குண்டு விழுந்து போச்சு, சுவிட்சர்லாந்துல ஹோட்டல் ஹோட்டலா இருந்துட்டிருக்காரு. மூணு பாட்டுக்கு வரி ஹெர்மன் ஹெஸ்ஸ, நம்ம ஊர்ல சித்தார்த்தா நாவலால தெரிஞ்சவர், வசந்தம், செப்டம்பர், தூங்கப் போற நேரம். நாலாவது ஐஷண்டார்ஃப் கவிதை, அந்தி வெளிச்சத்துல. வயசான புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் கை கோத்துக்கிட்டு நடந்து களைச்சு ஒரு எடத்துல நிக்குறாங்க, ரெண்டு வானம்பாடி மேல பறக்குது, கடைசி வரி இதுதான் சாவோன்னு ஒரு கேள்வி. அந்த எடத்துல ஆர்கெஸ்ட்ராவுல ஒரு சின்ன மெட்டு வரும், அது அவரு இருபத்தஞ்சு வயசு வாக்குல சாவைப் பத்தி எழுதின ஒரு ஆர்கெஸ்ட்ரா பீஸ்லேர்ந்து எடுத்தது. கிட்டத்தட்ட அறுபது வருஷம் கழிச்சு அதைத் தேடி எடுத்து வச்சிருக்காரு. அதுக்கப்புறம் வானம்பாடிகளா ரெண்டு பிக்கலோ, அதாவது குட்டிப் புல்லாங்குழல், ட்ரில் அடிச்சு முடியும். அவரு பொண்டாட்டி பாலினும் சோப்ரானோதான், வாழ்க்கை பூரா சோப்ரானோ குரலுக்கே எழுதின மனுஷன், கடைசியிலயும் அதுக்கே எழுதினாரு. மேடையில கேக்காமயே 1949 செப்டம்பர்ல போயிட்டாரு. 1950 மே மாசம் லண்டன் ஆல்பர்ட் ஹால்ல கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் முதல்ல பாடினாங்க, கண்டக்டர் ஃபர்ட்வாங்லர்.

ஃப்ளாக்ஸ்டாட்னா வாக்னரோட கனமான ஓபரா பாடுற பெரிய குரல். அதாவது இது முதல்ல எழுதி அனுப்பப்பட்டதே அந்த சைஸ் குரலுக்கு. என் பிரச்சினை அங்கதான். பாப் குரல் சின்னது, வெள்ளி மாதிரி பளபளப்பு, ஆனா இந்தப் பாட்டுல ஆர்கெஸ்ட்ரா மேல மேல அடுக்கிக்கிட்டே போகும், அதுக்கு அடியிலேர்ந்து தாங்குற குரல் வேணும். அதே 1982ல ஜெஸ்ஸி நார்மன் லைப்ஸிக்ல கூர்ட் மஸூரோட ரெக்கார்ட் பண்ணாங்க. அதைக் கேளுங்க. நம்ப முடியாத அளவுக்கு மெதுவா போகும், மூச்சு எங்க எடுக்குறாங்கன்னே தெரியாது. இல்லன்னா யனோவிட்ஸ், கராயனோட பெர்லின்ல, 1973. அந்தம்மா குரல் ஆர்கெஸ்ட்ராவுல இன்னொரு வாத்தியம். இந்த ரெண்டையும் கேட்டுட்டு பாப்புக்கு வந்தா கொஞ்சம் மெலிசாத்தான் படும். டென்ஷ்டெட் வேற கனமா ஓட்டுறாரு, சில எடத்துல அவங்களைக் கொஞ்சம் இழுத்துட்டுப் போற மாதிரி எனக்குப் படுது.

பாப் வேணாம்னு சொல்லல. அவங்களுக்கு ஏத்த ஸ்ட்ராஸ் இது இல்ல, ரோஸன்கவாலியர் சோஃபி.

ஆல்டோக்காரி:

காபி, நார்மன் ரெக்கார்டிங் எனக்கும் உயிர், ஆனா அதைக் கேக்கும்போது ஒரு பெரிய கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாக்குற உணர்ச்சிதான் வருது, அந்தக் கவிதையில இருக்குறது களைச்சுப் போன ரெண்டு மனுஷங்க. மூணாவது பாட்டுல நடுவுல சோலோ வயலின் வந்து, அது முடிஞ்ச மெட்டை குரல் அப்படியே எடுத்துக்கிட்டு மேல போகுமே, ஆத்மா சுதந்திரமா பறக்கட்டும்னு வரி, அந்த எடத்துல பாப் குரல் வயலின் விட்ட எடத்துலேர்ந்தே எழுந்திரிக்கும், சேர்ந்த எடம் தெரியாது. பெரிய குரல்ல அது வேற மாதிரி இருக்கும். மெலிசுன்னு நீங்க சொல்றது எனக்கு ப்ளஸ்.

இன்னொண்ணு, டென்ஷ்டெட் கனமா ஓட்டுறாருன்னா அந்தக் கனத்தோட அவங்க ஒத்துப்போனதாலதான் மாஹ்லர் நாலாவது சிம்ஃபனியும் அவரோட பண்ணியிருக்காங்க. கடைசி மூவ்மென்ட்ல ஒரு குழந்தை சொர்க்கம் எப்படி இருக்குன்னு வர்ணிக்கும், அங்க ரொட்டி சுடுறாங்க, மீன் பிடிக்குறாங்க, காய்கறி ஃப்ரீன்னு. குழந்தைத்தனமா பாடணும், ஆனா கேலி துளியும் கூடாதுன்னு மாஹ்லரே ஸ்கோர்ல எழுதி வச்சிருக்காரு. வயசுக்கு வந்த பாடகி குழந்தை குரல்ல பாடினா சகிக்காது, இவங்க குரலை மாத்தாமயே பண்ணியிருப்பாங்க.

கசப்புக்காபி:

மாஹ்லர்ல மறுபேச்சு இல்ல. ஸ்ட்ராஸ்ல நான் மாற மாட்டேன் 🙂

கடைசிக் காலத்துல மைக்கேல் டில்சன் தாமஸோட, லண்டன் சிம்ஃபனியோட, அவங்களே இந்த நாலு பாட்டை மறுபடி ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. குரல்ல அந்தப் பழைய மெருகு குறைஞ்சிருக்கு. ஆனா எனக்கு 1982ஐ விட அதுதான் ஒட்டுது. எல்லாரும் உடம்பு சரியில்லாதவங்க பாடினதுன்னு தெரிஞ்சு கேக்குறதாலதான் அப்படின்னு சொல்வாங்க, இருக்கலாம்.

நைட்ஷிப்ட்:

உடம்பு சரியில்லையா? என்ன ஆச்சு அவங்களுக்கு

பழைய எல்பி:

மூளையில கட்டி. 1993 நவம்பர் 16, மியூனிக்ல. 54 வயசு முடிஞ்சு நாலு நாள். அடக்கம் ப்ராட்டிஸ்லாவாவுல. சோப்ரானோவுக்கு 54னா சில வேஷம் கையை விட்டுப் போயிருக்கும், ஆனா சில வேஷத்துக்கு அப்பதான் ஆள் கனிஞ்சிருப்பாங்க. அந்த வயசுல அவங்க மேடையில மார்ஷலின், அரபெல்லா, லோஹன்க்ரின் எல்ஸான்னு போயிட்டிருந்தாங்க. கனமான வேஷத்துக்குப் போனது சரியா தப்பான்னு அப்பவே ஒரு கோஷ்டி சண்டை போட்டுச்சு, நான் சரிங்குற கட்சி.

காபி சொன்ன சோஃபிக்கு வர்றேன், இதுல நானும் காபியும் ஒரே பக்கம், அபூர்வம். ரோஸன்கவாலியர் கதை சுருக்கமா: மார்ஷலின்னு ஒரு பெரிய எடத்துப் பொம்பளை, முப்பது சொச்சம் வயசு, அவளுக்கு ஆக்டேவியன்னு பதினேழு வயசுக் காதலன், அந்த வேஷத்தையும் பொம்பளைதான் பாடுவாங்க. ஒரு முரட்டு ஜமீன்தாருக்கு நிச்சயம் பண்ண சோஃபின்னு சின்னப் பொண்ணுகிட்ட வெள்ளி ரோஜாவைக் குடுத்துட்டு வான்னு ஆக்டேவியனை அனுப்புவாங்க. குடுக்கப் போன பையன் அங்கயே அவகிட்ட விழுந்துடுவான். மார்ஷலின் கடைசியில விட்டுக்குடுத்துட்டுப் போயிடுவா. பாப் சோஃபியா 1971ல பெர்ன்ஸ்டைனோட வியன்னாவுல ரெக்கார்ட் பண்ணாங்க, லுட்விக் மார்ஷலின், க்வினெத் ஜோன்ஸ் ஆக்டேவியன். நல்ல ரெக்கார்ட்.

ஆனா நீங்க ஆடியோவுக்குப் போகாதீங்க. மியூனிக்ல 1979ல கார்லோஸ் க்ளைபர் கண்டக்ட் பண்ணதை வீடியோவா எடுத்திருக்காங்க, டிவிடியும் வந்துச்சு. அதுல ஜோன்ஸ் மார்ஷலினா மாறிட்டாங்க, ஆக்டேவியன் ப்ரிகிட்டெ ஃபாஸ்பெண்டர், சோஃபி பாப். ரெண்டாவது அங்கம், ரோஜா குடுக்குற சீன். ஃபாஸ்பெண்டர் வெள்ளை ட்ரெஸ்ல நிக்குறாங்க, செலெஸ்டா, ஹார்ப், ஃப்ளூட், வயலின் எல்லாம் சேந்து ஒரு மினுமினுப்பு, அது பின்னணி ஸ்வரத்தோட ஒட்டாம வேற ராகத்துலேர்ந்து இறங்குற மாதிரி இருக்கும். சோஃபி ரோஜாவை மோந்து பாத்து, சொர்க்கத்து ரோஜா மாதிரி இருக்கேன்னு குரலை அப்படியே மேல மிதக்க விடணும். சத்தம் குடுத்தா கெட்டுச்சு. பாப்புக்கு அப்ப 39 வயசு, பதினஞ்சு வயசுப் பொண்ணா நடிக்குறாங்க, க்ளோஸப்ல வேற. முகத்தைப் பாருங்க. அந்தப் பொண்ணு ஒவ்வொரு வரியிலயும் முன்னாடியே மனப்பாடம் பண்ணி வச்ச மரியாதைப் பேச்சைப் பேசப் பாக்குது, நடுவுல மறந்து போயி அந்தப் பையனைப் பாக்குது, திரும்ப ஞாபகம் வந்து குனியுது. பாடிக்கிட்டே இதெல்லாம்.

க்ளைபர் மொத்தமே கொஞ்ச ஓபராதான் கண்டக்ட் பண்ணாரு, ரிஹர்சல் பிடிக்கலன்னா கிளம்பிப் போயிடுவாருன்னு பேரு. அவரு பாப்போட மூச்சுக்கு எப்படி எடம் விடுறாருன்னும் அந்த வீடியோவுல கவனிங்க.

ஸ்டுடியோ ரெக்கார்டிங்கை மட்டும் வச்சு ஓபரா பாடகியை எடை போடக்கூடாதுன்றது என் கட்சி. மைக் பக்கத்துல இருக்கும், குரல் சைஸே தெரியாது, வேணும்னா திரும்பப் பாடலாம். காபி மெலிசுன்னு சொல்றது, மேடம் அதுதான் அழகுன்றது, ரெண்டுமே மைக் எங்க இருந்துச்சுன்றதைப் பொறுத்தது. 1980ல வியன்னா ஓபரா ஜப்பானுக்குப் போனப்ப எடுத்த ஃபிகாரோ வீடியோ ஒண்ணு இருக்கு, கார்ல் போம் கண்டக்டர், எண்பத்தாறு வயசு, உக்காந்துக்கிட்டே நடத்துறாரு. யனோவிட்ஸ் கவுண்டெஸ், பாப் சூசன்னா. மேடையில நடந்து ஓடி பாடும்போது அந்தக் குரல் எப்படி ஹாலுக்குள்ள போகுதுன்னு அதுல ஓரளவு தெரியும். அதுல ரெண்டு பேரும் சேந்து லெட்டர் எழுதுற டூயட் வரும். ஜெயில் லவுட்ஸ்பீக்கர்ல ஓபரா போடுற ஹாலிவுட் படத்துல வர்ற அதே டூயட். படத்துல கேக்குற ரெக்கார்டிங்கும் போம் கண்டக்ட் பண்ணதுதான், யனோவிட்ஸ்தான் கவுண்டெஸ், ஆனா சூசன்னா எடித் மாத்திஸ்.

நைட்ஷிப்ட்:

அட அந்தப் பாட்டா!! சரி இப்ப புரியுது. எனக்கு மூணு மணி நேரம் எல்லாம் உக்கார முடியாது, ஷிப்ட் நடுவுல ஹெட்போன்ல கேக்குற மாதிரி குட்டியா ஒண்ணு சொல்லுங்க யாராச்சும்.

ஆல்டோக்காரி:

ரெண்டு. ஒண்ணு கார்மினா புரானாவுல இன் ட்ருட்டினா, ரெண்டு நிமிஷத்துச் சொச்சம்தான். ஓ ஃபோர்ச்சுனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எல்லா ட்ரெய்லர்லயும் போட்டுத் தேய்ச்சுட்டாங்க, அதே படைப்புல இப்படி ஒரு அமைதியான பாட்டும் இருக்கு. ஐக்ஹார்ன் கண்டக்ட் பண்ணது, மியூனிக் ரேடியோ ஆர்கெஸ்ட்ரா. அடக்கமா இருக்கவா, காதல்ல விழவான்னு ஒரு பொண்ணு தராசு மாதிரி ஆடிக்கிட்டு இருக்கும், கடைசியில விழுந்துடும்.

இன்னொண்ணு ட்வோர்ஷாக்கோட ருசால்கா, நிலாப்பாட்டு. தண்ணிக்குள்ள இருக்குற தேவதை, கரைக்கு வர்ற இளவரசன் மேல ஆசை, நிலாகிட்ட தூது சொல்லுது. அதுவும் மியூனிக் ரேடியோ ஆர்கெஸ்ட்ராதான், செக் பாஷை. எல்லா சோப்ரானோவும் பாடியிருக்காங்க, பாப்போட வெர்ஷன்ல நிலாவைப் பாத்து இரு, மறையாதேன்னு கேக்குற எடத்துல கெஞ்சல் வராது, பக்கத்துல இருக்குற ஒருத்தர்கிட்ட சொல்ற மாதிரி சாதாரணமா சொல்வாங்க.

சுதிப்பெட்டி:

ருசால்கா இப்பதான் கேட்டேன். மேடம், கேள்வி ஒண்ணு, இதை முழு ஓபராவா அவங்க பாடின ரெக்கார்டிங் இருக்கா, இல்ல இந்தப் பாட்டு மட்டுமா? கவுண்டெஸை இன்னிக்கு ராத்திரி வச்சிருக்கேன் எல்பி சார். காபி சொன்ன நார்மனையும் போடப்போறேன், ஆனா பாப்புக்கு அப்புறம்தான்.

ஆல்டோக்காரி:

எனக்குத் தெரிஞ்சு கடையில கிடைக்கறது அந்தப் பாட்டுதான், ஸ்லாவிய ஓபரா பாட்டெல்லாம் சேத்துப் போட்ட ஆல்பத்துல வரும். முழு ஓபராவா செக்ல அவங்களைக் கேக்கணும்னா நரிக்குத்தான் திரும்பி வரணும் 🙂 அதுல ரெண்டாவது அங்கம், ரெண்டு நரியும் சந்திக்குற சீன்லேர்ந்து ஆரம்பிங்க, ஆண் நரியா எவா ராண்டோவா.

கசப்புக்காபி:

நார்மனை நல்ல ஸ்பீக்கர்ல போடுங்க, போன்ல போட்டுட்டு வந்து பிடிக்கலன்னு சொல்லக்கூடாது.